சமையலறை இல்லாத விடுதி: 9. ஐந்தாவது வருகை

பேரம் படிந்து இன்றோடு இருபது நாள்.

கடலோரத் தெருவின் கோடியில் இருக்கும் பன்னிரண்டு அறை விடுதியை ஒரு கம்பெனிக்குப் பதினைந்து வருஷக் குத்தகைக்கு விடுவதென்று அம்மா முடிவெடுத்ததும், மகள் சின்னவள் குறுக்கே விழுந்ததும், கடைசியில் இருவரும் வரவேற்பறையில் எதிரெதிரே உட்கார்ந்து மீன் சந்தையில் பேசுவதுபோலப் பேசி முடித்ததும் நினைவிருக்கும். விடுதியில் எப்போதோ எதையாவது மறந்துவிட்டுப் போனவர்களுக்குச் சின்னவள் கார்டு போடுவாள். சீசன் இல்லாத இந்த மாதத்திலும் அவர்கள் வந்தால் விடுதி தப்பும். வராவிட்டால் கையெழுத்து.

"ரெண்டு குடும்பம் வந்தாப் போதும்மா," என்று மகள் ஆரம்பித்தாள்.

"பத்து."

"மூணு."

"உன் கடையில தொப்பிய இப்படித்தான் விக்கறியா? ஏழு."

"நாலு. அதுவும் உங்க முகத்துக்காக."

ஐந்தில் நின்றது. தனி ஆள் வந்தாலும் ஒரு குடும்பக் கணக்கு. நாளிலும் அப்படியே. தாய் ஒரு வாரம் என்றாள், மகள் ஒரு மாதம் என்றாள், இருபதாம் நாள் சாயங்காலம் நாலு மணி என்று முடிந்தது. இருவருக்கும் உள்ளூரப் பரம திருப்தி. அதனால் இருவருமே தான் ஏமாந்துபோனதாக வெளியில் சொல்லிக்கொண்டார்கள்.

இதுவரை மூன்று குடும்பங்கள் வந்து போய்விட்டன. இன்னும் இரண்டு வேண்டும். மணி காலை பத்து.

சின்னவள் தன் தொப்பிக்கடையைத் திறக்காமல் விடுதிப் படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தபோதுகூட இப்படி நகம் கடித்ததில்லை.

உள்ளே அண்ணன் பெரியவன் ஏணிமேல் நின்று ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அசையும்போதெல்லாம் அவன் பேண்ட் பாக்கெட்டில் சாவிக்கொத்து கலகலத்தது. யோசிக்கும்போது பாக்கெட்டுக்குள் கையை விட்டு அதை உருட்டுவது அவன் பழக்கம். பட்டணத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா போனபிறகு திரும்பி வந்தவன். வந்த நாலு வருஷத்தில் உப்புக்காற்றோடு நடத்தும் யுத்தம்தான் அவன் உத்தியோகம்.

"சாயங்காலம் கம்பெனிக்காரன் கையில குடுக்கப் போறே. அதுக்கு எதுக்கு அண்ணே பெயின்ட்?" என்று படியிலிருந்தே கேட்டாள்.

"பொண்ணு பார்க்க வரும்போது முகம் கழுவறதில்லையா, அந்த மாதிரி."

"பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா?"

"பொண்ணுக்கு அறுபது வயசு, சின்னவளே. கூரை ஒழுகுது. இந்த வயசுல வர்ற வரனை வேண்டாங்கக் கூடாது."

சின்னவள் சிரித்துவிட்டாள். கோபத்தில் இருக்கும்போது சிரிக்கவைப்பது அண்ணனின் பழைய அயோக்கியத்தனம்.

ஆனால் அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. வருஷத்தில் மூன்று மாதம் சீசன். அந்த மூன்று மாதம் தெருவில் நடக்க இடமிருக்காது. மீதி ஒன்பது மாதம் ஷட்டர் போட்ட கடைகளுக்கு முன்னால் மணல் மேடு கட்டும். வேலை தேடிப் போன பிள்ளைகள் பஸ் ஏறிய இடத்தையே மறந்துவிட்டார்கள். "அப்பா ஊரைப் பார்த்தார், ஊர் ஒன்பது மாசம் ஷட்டரைப் பார்த்துச்சு," என்பது பெரியவனின் வாதம். கம்பெனிக்கோ மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் ஒன்று. பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும்.

இறக்குவது எங்கே என்பதில்தான் சண்டை. ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையே தரைத்தளத்தில் பெரிய சமையலறை கட்டுவது. சாப்பாடு, தொப்பி, துண்டு, படகுச் சவாரி எல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே. வருகிறவன் கேட்டுக்குள் நுழைந்தால் கேட்டுக்குள்ளேயே தின்று, குளித்து, தூங்கி, பஸ் ஏறிவிடுவான். இப்படி ஒரு தெரு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அப்பா விடுதி கட்டியபோது வேண்டுமென்றேதான் சமையலறை வைக்கவில்லை. ஒரு கப் டீ போடக்கூட அடுப்பில்லை. "நம்ம ஆளுக்குப் பசிச்சாத்தான் தெருவுக்குப் பொழப்பு," என்பார். சிக்கனத்துக்குச் சொல்லும் சாக்கு என்று ஊர் நினைத்தது. பிறகு ஒரு புயலில் விடுதிக் கூரை பறந்து கடலுக்குப் போனது. மறுநாள் காலை டீ மாஸ்டரிலிருந்து சிப்பிக்கடை அக்கா வரை தெரு மொத்தமும் ஆளுக்கொரு தகரத்தோடு வாசலில் நின்றது. அம்மா அன்று அழுதாள். அதற்குமுன் அவளை அழவைத்த ஒரே ஆள் அப்பாதான்.

பதினோரு மணிக்கு நாலாவது ஆள் வந்தார்.

லாரி ஓட்டுகிறவர். கதவளவு ஆள். கையில் கார்டு. சின்னவள் எழுதிய நூற்றுப் பதினெட்டில் ஒன்று: 'உங்கள் மஞ்சள் நீச்சல் வளையம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். இந்த மாதம் கூட்டமில்லை. மொத்தக் கடலும் உங்களுக்குத்தான்.'

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று பெரியவன் ஏணியிலிருந்து கேட்டுவிட்டான்.

"கடைசி வரிக்காக வந்தேன் சார்," என்றார் லாரிக்காரர். "மொத்தக் கடலும் எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

சின்னவள் பின்கட்டு அறையைத் திறந்தாள். குடைகள், செருப்புகள், பிளாஸ்டிக் வாளிகள், ஒற்றைக் கையுறை, பாதி பின்னிய ஸ்வெட்டர். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை, அட்டையில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. மஞ்சள் வளையத்தின் அட்டையில் இருந்தது: 'அறை 4. குழந்தை பஸ் திரும்பும் வரை அழுதது. கட்டாயம் வருவார்கள்.'

லாரிக்காரர் அதை இரண்டு தடவை வாசித்தார். "அந்தக் குழந்தை இப்ப ஆஸ்பத்திரியில நர்ஸ்," என்றார். பிறகு வாயால் ஊதி வளையத்தை நிரப்பித் தன் தலைவழியே மாட்டப் பார்த்தார். காது வரை வந்து நின்றுவிட்டது. அப்படியே நின்றபடி, "சாப்பாடு இங்கேயா?" என்றார்.

"இங்க இல்லைங்க. தெருவுக்குத்தான் போகணும்."

"அதான் வேணும். அந்த டீக்கடை இன்னும் இருக்கா?"

இருந்தது. இருபது நாள் முன்பு இல்லை. முதல் கார்டுக்காரர்கள் வந்து பசியோடு தெருவில் இறங்கியதைப் பார்த்துத்தான் டீ மாஸ்டர் ஷட்டரைத் தூக்கினார். டீக்கடை திறந்ததைப் பார்த்துத் துண்டுக்கடை திறந்தது. ஒரு கடை திறந்தால் அடுத்த கடைக்காரருக்கு வீட்டில் உட்காரப் பொறுக்காது. பதினோரு கடையில் ஐந்து திறந்துவிட்டன.

இனி ஒரே ஒரு வருகை. பன்னிரண்டு மணி பஸ்தான் கடைசி நம்பிக்கை. அடுத்த பஸ் ஐந்தரைக்கு.

சின்னவள் காலையிலேயே ஐந்து கடைக்காரர்களிடமும் சொல்லி வைத்திருந்தாள். "கையில கார்டோட யார் வந்தாலும் நேரா விடுதிக்கு அனுப்புங்க. வழியில நிறுத்தாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"நிறுத்துவோமா?" என்றார் டீ மாஸ்டர், மனம் நொந்து.

"நம்ம விடுதிம்மா இது," என்றார் துண்டுக்கடைக்காரர். இவருக்குத் தெருவில் 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர். யாரைப் பார்த்தாலும் அஞ்சு நிமிஷம் உட்காருங்க என்பார். உட்கார்ந்தவர்கள் வேலையை இழந்த கதைகள்கூட உண்டு.

பன்னிரண்டு மணி பஸ் வந்த சத்தம் கேட்டது. போன சத்தமும் கேட்டது. சின்னவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தெரு நடுவில் வளைந்து போகிறது. வளைவுக்கு அந்தப்பக்கம் தெரியாது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று செருப்பை மாட்டியபோது உள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"எங்க கிளம்பிட்டே? பேசும்போது என்ன சொன்னே, தேடிப் போயிக் கையப் புடிச்சு இழுத்துட்டு வரமாட்டேன்னு சொன்னியா இல்லையா?"

சொல்லியிருந்தாள். சின்னவள் செருப்பைக் கழற்றினாள்.

ஒரு மணி. இரண்டு. யாரும் வரவில்லை.

மூன்று மணிக்குக் கம்பெனிக்காரர் வந்தார், காரில், பின்பக்கச் சாலை வழியாக. நல்ல பையன்தான். இஸ்திரி கலையாத சட்டை, மூன்று பிரதி ஒப்பந்தம், நெற்றியில் வியர்வை. விடுதியைச் சுற்றிப் பார்த்தார். ஏழாம் அறையில் ஜன்னல் கட்டையைத் தடவி, "இது என்ன சார் சிவப்பா?" என்றார்.

"இங்க் கறை," என்றான் பெரியவன். "நாலு தடவை பெயின்ட் அடிச்சுட்டேன். ஆறே மாசத்துல மேல வந்துடுது."

"பிடிவாதக் கறை."

"இந்த வீட்டுல எல்லாமே அப்படித்தான்," என்று தங்கையைப் பார்த்தான்.

வரவேற்பறைச் சுவரில் சாவிப் பலகை. மேலே பன்னிரண்டு ஆணி, கீழே பன்னிரண்டு ஆணி. மேல் வரிசை நிறைந்திருந்தது. கீழ் வரிசையில் நாலே நாலு சாவி. எல்லாச் சாவிக்கும் தலை மீன்வால்போலப் பிளந்திருக்கும். உள்ளூர்ப் பூட்டுக்காரர் ஒருவர் அடித்தது. அவர் கையைத் தவிர வேறு எங்கும் அந்தத் தலை வராது.

கம்பெனிக்காரர் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "எல்லா ரூமுக்கும் ரெண்டு செட் சாவி குடுக்கணும்னு பதிமூணாவது நிபந்தனையில இருக்கு மேடம். கீழ எட்டு குறையுதே."

"தொலைஞ்சு போச்சு தம்பி," என்றாள் அம்மா. "இவங்க அப்பா தொலைச்சார். அந்த மனுஷன் தொலைக்காத பொருளே கிடையாது. தலை மட்டும் கழுத்தோட ஒட்டியிருந்ததால தப்பிச்சுது. ஒவ்வொரு சாவிக்கும் நான் ஒரு வாரம் பேசாம இருந்திருக்கேன்."

"எட்டு வாரமா?" என்றான் பெரியவன். "அப்பா அதுக்காகவே தொலைச்சிருப்பார்."

அம்மாவுக்கே உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"பரவால்ல மேடம். தொலைஞ்சதுன்னு ஒரு வரி எழுதிக்கலாம்," என்று கம்பெனிக்காரர் மூன்று பிரதியிலும் எழுதினார்.

சுவர்க்கடிகாரம் நாலு அடித்தது. அதற்கு எப்போதும் கொஞ்சம் இழுத்து அடிக்கும் பழக்கம். இன்று அந்த இழுவைகூட இல்லை.

தோற்றவள் முதலில் பேசவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

"நாலு வந்துச்சு," என்றாள் சின்னவள். "அஞ்சு வரல. சொன்னது சொன்னதுதான்."

எழுந்து போய்ப் பேனாவை எடுத்துவந்து அம்மா முன்னால் வைத்தாள். அப்பா கல்லாவில் வைத்து எழுதிய அதே பேனா. வேறு பேனா கையில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அதைத்தான் கொண்டுவந்திருப்பாள், அந்த அளவுக்கு வன்மம் உண்டு.

அம்மா கண்ணாடியைத் துடைத்தாள். மாட்டினாள். மறுபடி கழற்றித் துடைத்தாள். கம்பெனிக்காரர் எங்கெங்கே கையெழுத்து என்று ஒவ்வொரு பக்கமாகப் பென்சிலில் குறி போட்டுக் காட்டினார். அதற்கே கால்மணி ஆயிற்று. பெரியவன் பாக்கெட்டில் சாவிக்கொத்து விடாமல் கலகலத்துக்கொண்டிருந்தது.

அம்மா பேனாவைப் பதித்தாள். முதலில் இனிஷியல். அது அப்பாவுடையது. கல்யாணம் ஆன நாற்பத்தைந்து வருஷமாகத் தன் பெயருக்கு முன்னால் போட்டுவரும் ஒற்றை எழுத்து. அதைப் போட்டுவிட்டு ஒரு கணம் நின்றாள்.

"வீட்டுல யாருங்க?"

வாசலில் ஓர் அம்மாள். எழுபது வயதிருக்கும். தலையில் புதுத் தொப்பி, தோளில் புதுத் துண்டு, ஒரு கையில் சிப்பி மாலை, மறு கையில் பிஸ்கட் பொட்டலம், கக்கத்தில் சுருட்டிய பாய். பின்னால் டீ மாஸ்டரும் அஞ்சு நிமிஷமும், பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட பெருமையோடு.

"பத்திரமா கொண்டாந்துட்டோம்," என்றார் அஞ்சு நிமிஷம்.

"எப்ப பஸ்ஸ விட்டு இறங்கினீங்க?" என்றாள் சின்னவள்.

"பன்னெண்டு மணிக்கும்மா. இந்தத் தெரு கொஞ்சம்கூட மாறல," என்றார் அந்த அம்மாள் பூரிப்போடு. "டீ குடிச்சேன், துண்டு வாங்குங்கன்னார். துண்டு வாங்கினேன், வெயிலுக்குத் தொப்பின்னார். கடை பூட்டியிருக்கேன்னேன், சாவி எங்கிட்டதான் இருக்குன்னு அவரே திறந்து அவரே வித்தார்."

"என் கடையத் திறந்து என் தொப்பிய வித்தீங்களா?"

"நல்ல விலைக்குத்தான்மா," என்றார் அஞ்சு நிமிஷம்.

"நாலேகால் மணி நேரம்! நேரா அனுப்புங்கன்னு கும்பிட்டுக் கேட்டேனே!"

டீ மாஸ்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மேஜைமேல் ஒப்பந்தத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "கார்டு பையில இருந்துச்சும்மா. சும்மா வந்த ஆளுன்னு நினைச்சுட்டோம். சும்மா வந்த ஆளை எப்படிம்மா சும்மா விடறது?"

அதுதான் அந்தத் தெரு. வந்தவரை ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவது அப்பா பழக்கிய பழக்கம். விடுதியைக் காப்பாற்ற அந்தத் தெருவால் எதையும் செய்ய முடியும், ஒரு வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்புவதைத் தவிர.

அந்த அம்மாள் பாயைக் கீழே வைத்துவிட்டுக் கார்டை எடுத்தார். "நான் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆயாச்சு. என் கண்ணாடிக்கூடு இருக்கறதா எழுதியிருந்தீங்க. அது எனக்கு வேணாம். இதைக் குடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

மேஜைமேல் வைத்தார். மீன்வால் தலை, பித்தளை வில்லை, அதில் 7.

அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். "இது உங்ககிட்ட எப்படி?"

"உங்க வீட்டுக்காரர்தான் குடுத்தார். வருஷா வருஷம் கூட்டமில்லாத மாசத்துல வந்து அந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவேன். ஒரு தடவை இங்க் பாட்டில் கொட்டிடுச்சு. திட்டுவார்னு நினைச்சேன். சாவியக் குடுத்தார். 'சீசன்ல ஊரே வரும் டீச்சர். சீசன் இல்லாதப்ப வர்றவங்கதான் நம்ம ஆளுங்க. இது உங்க கையில இருக்கறவரைக்கும் அந்த ரூம் உங்களுது, எப்ப வேணா வாங்க'ன்னார். அப்புறம் எங்க அம்மா படுத்துட்டாங்க, வரமுடியல. சாவி மட்டும் கூடவே இருந்துச்சு."

பெரியவன் ஏழாம் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நாலு தடவை பெயின்ட் அடித்த கை அவனுடையது.

"உங்களுக்கு மட்டுமா குடுத்தார்?" என்றாள் அம்மா.

"எனக்கு மட்டும் எதுக்கும்மா குடுக்கறார்? மனசுக்குப் பிடிச்சவங்களுக்கெல்லாம் குடுப்பார். வீட்டுல தெரிஞ்சா ஒரு வாரம் பேச்சு நின்னுடும், வெளிய சொல்லாதீங்கம்பார்."

அம்மா நெடுநேரம் கீழ்வரிசை ஆணிகளைப் பார்த்தாள். எட்டு வாரம். எட்டு வாரமும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல், தொலைத்துவிட்டேன் என்றே தலையைக் குனிந்துகொண்டு போனாரே. சாவியை எடுத்தாள். எழுந்து போய் ஏழாம் ஆணியில் மாட்டினாள். உடனே எடுத்து டீச்சர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது உங்களுது. ரூம் பெருக்கித்தான் இருக்கு, போய்ப் படுங்க."

கம்பெனிக்காரர் மெதுவாகக் கனைத்தார். "மேடம், ஒரு எழுத்துப் போட்டுட்டீங்க. மீதியும்..."

"போடறேன் தம்பி." அம்மா உட்கார்ந்தாள். பேனாவை மூடினாள். "என் பொண்ணு தோத்துட்டா. அதுல மாத்தமில்ல. சொன்னபடி கையெழுத்துப் போடுவேன். ஆனா தொலைஞ்சதுன்னு நீங்க எழுதின வரி பொய்யாப் போச்சு. சாவி தொலையல, வெளிய இருக்கு. எட்டும் அதது ஆணிக்கு வந்து சேரட்டும். அன்னிக்கு வாங்க."

"பூட்டை மாத்திக்கலாமே மேடம். அரை நாள் வேலை."

"பூட்டை நீங்க மாத்திடுவீங்க. சாவியோட வந்து நிக்கறவங்ககிட்ட யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?"

கம்பெனிக்காரர் பெரியவனைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. எத்தனை நாள் ஆகும்? யார் யார்கிட்ட இருக்குன்னாவது தெரியுமா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். குத்தகை வேண்டும் என்று நாலு மாதமாக மன்றாடியவன் அவன்தான். வெளியே இருக்கும் எட்டுச் சாவியில் ஒன்று கிடைத்தாலும் அவனுக்கு லாபம்.

பெரியவன் பலகையைப் பார்த்தான். "தெரியாது சார்," என்றான்.

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த ஒரு சத்தம் நின்றுபோயிருந்தது. அண்ணனின் கை பாக்கெட்டுக்குள் போயிருந்தது. உருட்டவில்லை. எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

பாக்கெட் விளிம்பில், அவன் விரலிடுக்கில், பட்டணத்தில் பதினாறு வருஷம் எந்தப் பூட்டையும் திறக்காமல் அவனோடு சுற்றிவந்த ஒரு சாவியின் மீன்வால் தலை லேசாக எட்டிப் பார்த்தது.

பலகையின் கீழ்வரிசையில் முதல் ஆணி காலியாக இருந்தது.